புஷ்பலதாவின் நான்கு நாள் முறை

2024ஆம் ஆண்டு செப்டம்பர் 9, திங்கட்கிழமை, காலை ஆறு மணி இருபது நிமிடம். கே.ஜி.கண்டிகைத் தேநீர்க் கடைக்கு எதிரே நின்றிருந்த ஒரு குட்டியானை வண்டியின் பக்கத்தில்தான் புஷ்பலதாவை நான் முதன்முதலாகப் பார்த்தேன். விசயவாடாவில் வெள்ளம் புகுந்து ஒரு வாரம் கடந்திருந்தது. எங்கள் கல்லூரி மாணவர்கள் திரட்டிய பழைய துணிகள் மூன்று மூட்டைகளாக என் பொறுப்பில் கிடந்தன. இந்தக் குடும்பம் அங்கே போகிறது என்று கேள்விப்பட்டு, அவற்றை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு திருத்தணியிலிருந்து வந்திருந்தேன்.

நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க அந்த அம்மாள் ஒரு மூட்டையின் வாயை அவிழ்த்து உள்ளே கையை விட்டார். ஜரிகை வைத்த ரவிக்கை ஒன்றும், பள்ளிக்கூடத்துக் கழுத்துப்பட்டை ஒன்றும் வந்தன.

"இது யாருக்கு சார்?"

"அங்க யாருக்காவது உதவும்னுதாங்க…"

"முட்டிக்கால் சேத்துல நிக்கறவங்களுக்கு டை எதுக்கு சார்? துணி வேணாம். வெளக்குமாறு இருந்தா குடுங்க, தென்னங்குச்சி வெளக்குமாறு. எவ்ளோ இருந்தாலும் எடுத்துக்கினு போறேன்."

அப்போதுதான் திறந்த மளிகைக் கடையில் இருபத்து மூன்று துடைப்பங்கள் கிடைத்தன. அவற்றை ஏற்றும்போது வண்டிக்குள் பார்த்தேன். ஓர் ஆயில் எஞ்சின் கயிற்றால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. அதைச் சுற்றி ரப்பர்க் குழாய்ச் சுருள்கள், மண்வெட்டிகள், மண் அள்ளிச் சுமக்கும் இரும்புப் பாண்டுகள், ஒரு பழைய மீன்கூடை. கணவர் கஜபதி தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். மகன் எழிலன் வண்டியைக் கிளப்பக் காத்திருந்தான்.

அவன் சாவியைத் திருகிய வேளையில் ஒரு மொபெட் வந்து வண்டிக்கு முன்னால் குறுக்காக நின்றது. வந்தவர் கஜபதியின் அண்ணன் கங்காதரன்.

"எஞ்சின எறக்கு" என்றார் தம்பியைப் பார்த்து. பதில் புஷ்பலதாவிடமிருந்து வந்தது. கணவரின் அண்ணனை அவர் தெலுங்கு வழக்கில் பாவா என்றே அழைப்பார்.

"ஏன் பாவா?"

"தோட்டத்து எஞ்சினு ஊரு சுத்தறதுக்கா வாங்கனது?"

"இன்னிக்கி ஆறு மணியிலருந்து வெள்ளிக்கெழம ஆறு மணி வரைக்கும் யார் முறை பாவா?"

"முறைன்றது தண்ணி எறைக்க."

"நானும் தண்ணிதான் எறைக்கப் போறேன். விசயவாடாவுல எறைக்கறேன்."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கங்காதரன் சிரிக்கவில்லை. பேச்சை வேர்க்கடலைப் பயிருக்குத் திருப்பினார். "கல்லக்கா விழுது எறங்கற நேரம். காஞ்சி கருகறப்ப தெரியும்."

"காஞ்சா என் கொல்லதான காயும்."

"வெள்ளிக்கெழம காலைல ஆறுக்கு எஞ்சினு கெணத்து மேட்டுல இருக்கணும். இல்லன்னா பத்திரத்துல எழுதிக்கீறத ஊரக் கூட்டிப் படிப்பேன்."

"நீங்க ஏன் பாவா செரமப்படறீங்க? நானே படிக்கறேன். பத்தாவது வரைக்கும் படிச்சிக்கீறேன்."

மொபெட் ஒதுங்கியது. வண்டி போயிற்று.

அந்தப் பத்திரத்தைப் பிறகு நான் வாசித்தேன். 2009இல் அண்ணனும் தம்பியும் நிலத்தைப் பிரித்துக்கொண்டபோது, கிணற்றையும் எஞ்சினையும் பிரிக்க முடியவில்லை. மின் இணைப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டு இரு வீட்டாரும் இன்னும் காத்திருக்கிறார்கள். எனவே ஆளுக்கு நான்கு நாள் முறை என்று எழுதினார்கள். காலை ஆறு மணிக்கு எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பும் கைப்பிடி ஒரு வீட்டாரின் கையிலிருந்து மற்ற வீட்டாரின் கைக்கு மாறும். ஒருவர் முறையில் மற்றவர் கை வைத்தால், எடுத்த நாள் ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பித் தரவேண்டும். முறை நாளில் எஞ்சின் எங்கே ஓடவேண்டும் என்று மட்டும் பத்திரம் சொல்லவில்லை. அந்த இடத்தில்தான் புஷ்பலதா காலை ஊன்றினார்.

இந்தக் குடும்பம் வெள்ள ஊர்களுக்குப் போவது புதிதன்று. 2015இல் சென்னையில் உறவினர் வீட்டைப் பார்க்கப் போனவர்கள், சோற்றுப் பொட்டலங்கள் நாள்தோறும் வந்துகொண்டிருக்க, வீட்டுக்குள் கிடந்த சேற்றை அள்ள மட்டும் ஆளில்லாததைக் கண்டார்கள். கிணறு தூர் வாரிப் பழகிய கைகளுக்கு அது தெரிந்த வேலை. சேற்றில் நீரைக் கலக்கிக் கூழாக்கி, குழாயின் வாயில் குப்பை அடைக்காமல் மீன்கூடையைக் கவிழ்த்து, எஞ்சினால் இழுத்து வெளியேற்றினார்கள். பிறகு கஜா புயலுக்கு வேதாரண்யம், 2023 மழைக்குத் தாமிரபரணிக் கரை. அவையெல்லாம் மழைக்காலப் பயணங்கள். எஞ்சின் சும்மா கிடந்த நாட்கள் என்பதால் கங்காதரன் வாய் திறக்கவில்லை. பயிர் நிற்கும்போது போனது இதுதான் முதல் தடவை. அந்த ஆவணியில் எங்கள் பக்கம் மழை சரியாக இல்லை. ஓர் ஏக்கர் வேர்க்கடலைக்கு அந்த முறைத் தண்ணீர் எவ்வளவு வேண்டியது என்பது புஷ்பலதாவுக்கும் தெரியாததன்று.

போன இடத்திலிருந்து மாலை ஏழு மணிக்குக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் குரல் செய்தி அனுப்புவது அவர் வழக்கம். பாகம் பிரிந்த பின்னும் இரண்டு வீடுகளும் அந்தக் குழுவில் இருந்தன. காஞ்சிபுரத்தில் செவிலியர் படிப்பு படிக்கும் மகள் அனுராதா எல்லாச் செய்திகளையும் சேமித்து வைத்திருந்தாள். நான் கேட்டது அவளிடமிருந்துதான்.

செவ்வாய்க்கிழமைச் செய்தி இப்படித் தொடங்குகிறது: "இன்னிக்கி ஒரு தப்புப் பண்ணிட்டோம். அத மொதல்ல சொல்லிட்றேன்."

அவர்களுக்குக் கிடைத்த தெருவில் பதினொரு வீடுகள். தெரு ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. கழனியில் மேல்மடையைத் திறந்து நீரைக் கீழே விடுவதே அவர்கள் பழக்கம். அந்தப் பழக்கத்தில் மேட்டு வீட்டிலிருந்து வேலையைத் தொடங்கினார்கள். மாலைக்குள் நான்கு வீடுகள் பளிச்சென்று ஆயின. அந்த நான்கு வீட்டுச் சேறும் சரிவில் இறங்கி, கடைசி வீட்டுக்குள் போய்ச் சேர்ந்திருந்தது. அது நாகரத்தினம்மா என்ற தையற்காரியின் வீடு. அவர் மூன்று நாள் தனியாகப் போராடி ஓர் அறையைச் சுத்தம் செய்துவிட்டு, முகாமுக்குச் சாப்பிடப் போயிருந்தார். திரும்பி வந்து கதவைத் திறந்தவர் அரை மணி நேரம் தெலுங்கில் திட்டினார்.

"ஒரு வார்த்த கூட விடாம எனக்குப் புரிஞ்சிது" என்கிறார் புஷ்பலதா. "நம்ம பக்கம் தெலுங்கு தெரிஞ்சி இன்னா பிரயோஜனம்னு கேப்பியே அனு, திட்டு வாங்கறதுக்கு ஆவுது. அந்தம்மா வீட்டப் பூட்டிக்கினு போயிடுச்சி. கைய வெக்க வுடல."

அதன் கீழே கங்காதரனின் குரல்: "சேத்த அள்ளப் போனவங்க சேத்த ஊத்திட்டு வந்திங்களா? நல்ல சேவ."

அதற்குப் புஷ்பலதாவின் பதில் நான்கே சொற்கள்: "ஆங் பாவா. நாளைக்கி அள்ளிடுவோம்."

புதன்கிழமை அவர்கள் தெருவின் தாழ்ந்த முனையில் சாக்கடைக் கால்வாய் வரை வாய்க்கால் வெட்டி, கீழிருந்து மேலே ஏறினார்கள். மற்ற வீடுகள் முடிந்தன. வியாழக்கிழமை காலையில்தான் நாகரத்தினம்மா சாவியைக் கொண்டுவந்து எறிந்தார். எஞ்சின் வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு ஊரில் இருக்கவேண்டுமானால், வியாழன் நண்பகலில் விசயவாடாவை விட்டுக் கிளம்பியாக வேண்டும். நண்பகலில் அந்த வீட்டின் முன்கூடம்கூட முடியவில்லை. இரண்டு தையல் இயந்திரங்களும் மிதிபலகை வரை சேற்றில் நின்றன.

அந்த வேளையில் நடந்த பேச்சைக் கஜபதி எனக்குச் சொன்னார். மனைவியின் பேச்சைச் சொல்லும்போது அவர் குரலும் சற்று மாறும்.

"அண்ணனுக்குப் போன் போட்டு ஒரு நாளு கேளு புஷ்பா. குடுப்பாரு."

"குடுப்பாரு. குடுத்துட்டு அத நூறு நாளு சொல்லிக் காட்டுவாரு. நாலு நாளு என்னுதுன்னு கடைல நின்னு சொல்லிட்டு வந்தவ, அஞ்சாவது நாளுக்குக் கைய நீட்டவா?"

"அப்ப இந்த வீடு?"

"உனக்குக் கை இருக்குது, எனக்குக் கை இருக்குது. பாண்டு இருக்குது."

எழிலன் தயங்கினான். "அம்மா, வெறுங்கையில அள்ளினா ரெண்டு நாளாவும்."

"ஆவட்டும். நீ எஞ்சின ஏத்துடா. ஆறு மணின்னா ஆறு மணி. ஆறு அஞ்சின்னு அந்த மனுசன் சொல்லக் கூடாது."

எஞ்சின் கிளம்பிற்று. கணவனும் மனைவியும் வியாழன் பிற்பகல், வெள்ளி, சனி எனக் கையால் சேற்றை அள்ளித் தலையில் சுமந்து கால்வாயில் கொட்டினார்கள். வெள்ளிக்கிழமை மாலை நாகரத்தினம்மாவும் ஒரு பாண்டைத் தூக்கினார். திட்டுவதை அவர் நிறுத்தவில்லை என்று கஜபதி சொன்னார். திட்டிக்கொண்டே சுமந்தாராம். ஞாயிறு நண்பகலில் இருவரும் ரேணிகுண்டா வழியாக ரயிலில் திருத்தணி வந்து சேர்ந்தார்கள். புஷ்பலதாவின் இரு உள்ளங்கைகளிலும் தோல் உரிந்திருந்தது.

ஊரில் காத்திருந்தது வேறொன்று.

வெள்ளிக்கிழமை ஐந்தரை மணிக்கே எழிலன் எஞ்சினைக் கழுவித் துடைத்துக் கிணற்று மேட்டில் நிறுத்தியிருந்தான். ஆறு மணிக்கு வந்த கங்காதரன், அவன் நீட்டிய கைப்பிடியை வாங்கவில்லை.

"எத்தினி எழவு வூட்டுச் சேறு இதுல ஓடிக்கீதோ. இத்த நான் தொடணுமா?"

"கழுவிட்டேன் பெரிப்பா."

"வெளியில கழுவின. உள்ள?"

எஞ்சினைத் திருத்தணி மெக்கானிக் சிங்காரத்திடம் அனுப்பிப் பிரித்துக் கழுவச் சொன்னார். சிங்காரம் அதைப் பிரித்துப் பார்த்து, குறையொன்றும் இல்லை என்று பூட்டிக் கொடுத்தார். அது கிணற்று மேட்டுக்குத் திரும்பியபோது சனிக்கிழமை சாய்ந்திருந்தது. கங்காதரன் தம் முறையில் இரண்டு நாட்களைத் தாமே தொலைத்திருந்தார்.

செவ்வாய்க்கிழமை, பதினேழாம் தேதி, காலை ஆறு மணிக்குக் கைப்பிடியை வாங்கப் புஷ்பலதா கிணற்று மேட்டுக்குப் போனார். கையில் துணி சுற்றியிருந்தது. அவருடைய வேர்க்கடலை தண்ணீர் கண்டு பன்னிரண்டு நாட்கள் ஆகியிருந்தன. காலையிலேயே இலைகள் மடங்கி நின்றன. பக்கத்துக் கொல்லைக்காரர்களும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள்.

"எனக்கு ரெண்டு நாளு போச்சி" என்றார் கங்காதரன், எஞ்சினை நிறுத்தாமல். "உன்னாலதான் போச்சி. இன்னிக்கும் நாளைக்கும் நான்தான் எறைப்பேன்."

கஜபதி முன்னால் வந்தார். புஷ்பலதா அவரைக் கையால் தடுத்தார்.

"எஞ்சினு ஆறு மணிக்கி வந்துச்சா பாவா?"

"வந்துச்சி."

"ஓடற நெலமையில வந்துச்சா?"

கங்காதரன் குனிந்து எஞ்சினின் டீசல் மூடியை இறுக்கினார்.

"சரி, எறைச்சிக்குங்க. இது என் நாளுன்னு தெரிஞ்சே எறைச்சிக்குங்க. இவங்க எல்லாம் பாத்துக்கினு இருக்காங்க."

அவர் பத்திரத்தை எடுத்து வந்து ஊரைக் கூட்டுவார் என்றே எல்லாரும் எதிர்பார்த்தார்கள். நானும் எதிர்பார்த்தேன். அவர் வீட்டுக்குப் போய்க் கையில் மருந்து போட்டுக்கொண்டார். வியாழக்கிழமை ஆறு மணிக்குக் கைப்பிடி அவர் கைக்கு வந்தது. மிச்சமிருந்த இரண்டு நாளில் முழுக் கொல்லைக்கும் பாய்ச்சினார். பாதிக்குப் பயன்பட்டது. பதினான்கு மூட்டை காணவேண்டிய இடத்தில் ஆறு மூட்டை கண்டது. போகாமல் இருந்திருக்கலாமே என்று அக்கம்பக்கத்தில் சொன்னவர்களிடம், "கொல்ல என்னுது, காஞ்சதும் என்னுது, உங்குளுக்கு இன்னா?" என்று கேட்டார். பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மறு ஆண்டு ஆவணியில் சித்தூர்ப் பக்கம் ஓர் ஏரிக்கரை உடைந்து, சிற்றூர் ஒன்றில் சேறு புகுந்தது. அந்த நான்கு நாள் புஷ்பலதாவின் முறை. வேர்க்கடலையும் அதே பருவத்தில் நின்றது. குட்டியானை அதே கடைக்கு எதிரே நின்றது. இந்தத் தடவை நானும் மண்வெட்டியோடு உடன் போகக் கிளம்பியிருந்தேன். மொபெட் சத்தம் கேட்டதும் கடையில் இருந்தவர்கள் கண்ணாடிக் கிளாசுகளை வைத்துவிட்டு நிமிர்ந்தார்கள். கங்காதரன் இறங்கினார். தேநீர் வாங்கிக் குடித்தார். வண்டியைச் சுற்றி ஒரு முறை வந்தார். எஞ்சினைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார்.

"பின் டயருல காத்துக் கம்மியாக்கீது எழிலா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வழியில், ஓட்டுநர் அறையில் இடமில்லாமல் பின்னால் எஞ்சினோடு உட்கார்ந்திருந்த நான், எதிரே குழாய்ச் சுருளின் மேல் அமர்ந்திருந்த புஷ்பலதாவிடம் கேட்டேன். இரண்டு நாளுக்கு நான்கு நாள் என்று பத்திரத்தில் தெளிவாக இருக்கிறதே, ஏன் வாங்கவில்லை?

"கேட்டா குடுத்துட்டுப் போயிடுவாரு சார். குடுத்துட்டாருன்னா மறுபடியும் வாயத் தொறப்பாரு. இன்னிக்கித் தொறந்தாரா?"

"கோடையில உங்க பயிர் காயறப்ப அந்த நாலு நாள் உதவியிருக்குமே."

"உதவும்தான். காயற வருசமெல்லாம் காயட்டும். நான் கேக்க மாட்டேன்."

விசயவாடாவுக்குப் போய்வந்த பிறகு இரண்டு கோடைகள் போய்விட்டன. ஒரு கோடையில் அவருடைய கேழ்வரகு முழுவதும் கருகியது. வரப்புக்கு அந்தப் பக்கம் கங்காதரனின் கரும்பு பச்சையாக நின்றது. கைப்பிடி நான்கு நாளுக்கு ஒரு முறை ஆறு மணிக்குக் கை மாறிக்கொண்டுதான் இருக்கிறது. கங்காதரன் புஷ்பலதாவுக்குத் தரவேண்டிய நான்கு நாள் தண்ணீர் இன்னும் அப்படியே நிற்கிறது. அவர் தருவதாகச் சொல்லவில்லை. இவர் கேட்கவும் இல்லை.