தண்ணீர்த் தொட்டிக்கு ஒரு லத்தீன்

எனக்கு லத்தீன் தெரியாது. ஆனாலும் பல வருடங்களாகப் பேசிவருகிறேன். ஆங்கிலச் சொல்லின் வாலில் ஒரு 'அஸ்' ஒட்டி, புருவத்தைச் சற்றே தூக்கினால் போதும். கொரட்டூரில் யாரும் குறுக்கே பேசமாட்டார்கள்.

எங்கள் குடியிருப்பில் புதுத் தண்ணீர்த் தொட்டி கட்டியபோது இந்தக் கெட்ட பழக்கம் கல்லில் ஏறியது. எதிர்க் குடியிருப்புக்காரர்கள் வாசல் வளைவில் சமஸ்கிருதத்தில் ஒரு வரி செதுக்கிவைத்திருந்தார்கள். அர்த்தம் அவர்களுக்கே தெரியாது. நமக்கும் கெத்தாக ஒன்று வேண்டும் என்றார் எங்கள் சங்கச் செயலாளர், ஆவடித் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்றவர்.

"தமிழ்லயே எழுதலாமே?" என்றேன்.

"தமிழ்னா எல்லாருக்கும் புரிஞ்சிடுமே சார்!"

கூச்சமே இல்லாமல் 'செம்பர் டாங்கஸ் ஃபுல்லஸ்' என்று எழுதிக் கொடுத்தேன். 'தொட்டி என்றும் நிறைந்திருக்கட்டும்' என்று அர்த்தம், ரோமாபுரி வாக்கு என்றேன்.

கல் செதுக்க வந்தவர் மட்டும், "இன்னா சார் இது, மாத்திரை பேரு மாரி கீது?" என்றார்.

திறப்பு விழாவன்று காலையில் செயலாளர் குஷியாக வந்தார். முதல் மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவர்களின் வீட்டை மந்திரிக்கப் பூந்தமல்லியிலிருந்து ஒரு ஃபாதர் வருகிறாராம், குருமடத்தில் லத்தீன் சொல்லிக்கொடுத்தவராம். கல்லை அவரே திறந்து, அவர் கையாலேயே எனக்குச் சால்வையாம்.

பல் தேய்த்தபடி எனக்காக நானே வாதாடிப் பார்த்தேன். செத்த பாஷைதானே, வழக்குப் போட யார் இருக்கிறார்கள்? 'என்றும்' என்பதற்கு 'செம்பர்' அசல் லத்தீன் சரக்கு. மூன்றில் ஒன்று தேறினால் முப்பத்துமூன்று மதிப்பெண், அதற்கும் ஃபெயில்தான். 'இட்லிஹி' என்றால் சமஸ்கிருதமாகிவிடுமா? போலி லத்தீன் லத்தீனே அல்ல. ஒன்றும் தெரியாதவன், அதுவும் தெரியாதவர்கள் நடுவே போட்டுக்கொள்ளும் நாற்காலி.

திரை விலகியது. ஃபாதர் படித்தார். மறுபடி படித்தார். செயலாளரின் காதில் ஏதோ கேட்டார். அவரும் ஏதோ சொன்னார். ஃபாதர் தலையாட்டிவிட்டுத் தமிழில் ஜெபம் செய்தார். என்னை யாரும் கூப்பிடவில்லை. சால்வையை ஃபாதருக்கே போட்டுவிட்டார்கள்.

கேசரி வரிசையில் செயலாளரைப் பிடித்தேன். "ஃபாதர் என்ன சார் கேட்டாரு?"

"யார் எழுதுனதுன்னு கேட்டாரு. அவர் மூஞ்சியப் பார்த்ததுமே எனக்கு டவுட்டு. நீங்க மாட்டிக்கக் கூடாதேன்னு, யூகேஜி படிக்கிற என் பேரன்தான்னு சொல்லிட்டேன். 'அதானே பார்த்தேன்'னாரு சார்."