நரிக்கு வைத்த கருவாடு

என் கழுத்தில் ஒரு கட்டி. அதிலிருந்து சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு வெள்ளிக்கிழமை தெரியும். அதுவரை என் கணவர் கட்டியைப் பற்றி வாயே திறக்கவில்லை. பேசினதெல்லாம் நரியைப் பற்றித்தான்.

அவர் சேலம் பக்கம். பொங்கல் சமயத்தில் காட்டில் நரி பிடித்து வந்து ஊருக்கே அதன் முகத்தைக் காட்டுகிற கிராமம். நல்லது நடந்தால் நரி முகத்தில் விழித்தேன் என்று நாமெல்லாம் பேச்சுக்குச் சொல்வோம். அவருக்கு அது வைத்தியம் மாதிரி.

எழுபதுகளின் கடைசியில், வடக்கே ஜனக்புரியில் நாங்கள் இருந்த வீட்டுக்குப் பின்னால் வெறும் கருவேலங்காடு. பொழுது சாய்ந்தால் நரி ஊளை கேட்கும். ஒன்றும் கண்ணில் படாது.

"வெள்ளிக்கிழமை நீ நரி முகத்துலதான் முழிக்கணும்," என்றார்.

"டாக்டர் நல்ல வார்த்தை சொன்னா போதுங்க. நரி எதுக்கு?"

கேட்கிற ஆளா? ரொட்டி வைத்தார், எலும்பு வைத்தார். எல்லாம் தெருநாய்களுக்கே போயிற்று. பிறகு சாக்கடைக்கு அந்தப் புறம் நரி எச்சத்தில் இலந்தைக் கொட்டையைக் கண்டுபிடித்து வந்தார். நாய்கள் சாக்கடையைத் தாண்டுவதில்லையாம். அங்கே, எங்கள் ஜன்னலுக்கு நேராக, தினமும் இலந்தைப்பழம் கொட்டினார். வாசனை பிடித்து வரட்டும் என்று கருவாட்டையும் சுட்டு வைத்தார். என் அம்மா ஊரிலிருந்து கொடுத்தனுப்பிய நெத்திலிக் கருவாடு! எனக்கு வந்ததே கோபம். "கியா ஜல் கயா, பாபி ஜி?" என்று கீழ்வீட்டுப் பஞ்சாபி அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, என்ன கருகிப்போச்சு என்று கேட்டாள். மானம் போயிற்று.

வெள்ளிக்கிழமை விடியலில் என்னை எழுப்பினார். "கண்ணைத் தொறக்காதே." ரஜாய்ப் போர்வையோடு கைப்பிடித்து ஜன்னலுக்குக் கூட்டிப்போனார். "இப்பத் தொற."

பனிமூட்டத்தில், வாயில் என் கருவாட்டோடு, நரி என்னையே பார்த்தது. அடுத்த நொடி காணோம்.

அன்று டாக்டர், "சாதாரணக் கட்டிதான், பயப்பட ஒன்றுமில்லை" என்றதும் எனக்கு அப்பாடா என்று இருந்தது. திரும்பும்போது பஸ்ஸில் வாய் ஓயாமல் பேசினேன்.

"அந்த நரிக்கு ஒரு காது கிழிஞ்சிருந்துச்சே, பாத்தீங்களா?"

"நான் எங்க நரியைப் பாத்தேன்? உன் மூஞ்சியைத்தான் பாத்துக்கிட்டு நின்னேன்."

சொல்லிவிட்டுக் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு, பஸ் நிறைய ஆட்கள் இருக்க, குலுங்கிக் குலுங்கி அழுதார்.