மாதாவின் முகத்துக்கு எடுத்த கன்வஸ்

போன சனிக்கிழமை மகள் கண்டி டவுனில் ஒரு கடையில் நின்றுகொண்டு போனில் இரண்டு படம் அனுப்பினாள். இரண்டுமே ஊசிவேலை செய்கிற கன்வஸ் துணி. ஒன்றில் ஓட்டை பெரிது, மற்றதில் சின்னது. "அம்மா, குஷன் கவருக்கு எது எடுக்க? கெதியா சொல்லுங்க, கடைக்காரர் பாத்துக்கிட்டே நிக்கிறாரு." வெறும் குஷன் கவர்! சாயும்போது முதுகுக்கு அடியில் போகிற சாமான். அதற்குப் போய் இரண்டு படத்தையும் மாற்றி மாற்றிப் பெரிதாக்கிப் பார்த்தேன். "ரெண்டும் வேணாம், வீட்டுக்கு வா" என்று அனுப்பிவிட்டேன். அம்மாவுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பாள். நீங்களும் அவசரப்பட்டு அப்படி நினைத்துவிடாதீர்கள்.

புதுக் கன்வஸுக்கு ஒரு பசை வாடை உண்டு. கல்யாணத்துக்கு முன்னால் நான் அக்குறணையில் ஒரு தையல் சாமான் கடையில் வேலை பார்த்தேன். பொத்தான், லேஸ், நூல் எல்லாவற்றின் வாசனையையும் அந்தப் பசை வாடை அமுக்கிவிடும். கடை முதலாளியின் மூத்த மகள்தான் கடையைப் பார்த்துக்கொண்டார். முஸ்லிம் வீட்டில் அக்காவை லாத்தா என்பார்கள், எங்கள் எல்லாருக்கும் அவர் லாத்தா. கன்வஸ் பக்கம் மட்டும் என்னுடைய ராஜ்ஜியம். அங்குலத்துக்குப் பத்து ஓட்டை என்றால் பெரியது, கிடுகிடுவென்று தைத்துவிடலாம். பதினெட்டு என்றால் சின்னது, படம் அச்சடித்ததுபோல வரும், ஆனால் பொறுமை வேண்டும். "உங்களுக்குப் பொறுமை இருக்கா மிஸ்?" என்று டீச்சர்மாரையே கேட்பேன். அப்படி ஒரு வாய் எனக்கு.

அந்த வாயை எனக்குக் கொடுத்தவர் அப்பா. பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், அவர் இந்த மலையிலிருந்து கூப்பிட்டால் அந்த மலையில் கொழுந்து எடுக்கிற அம்மா திரும்பிப் பார்ப்பாள். தோட்டத்துக் கோயிலில் செபமாலையை அவர்தான் தொடங்க வேண்டும். அந்தத் தொண்டைக்குள் ஒரு கட்டி வந்தது. கண்டி பெரியாஸ்பத்திரியில் ஒப்பரேசனுக்கு நாள் கொடுத்தார்கள். உயிருக்கு உத்தரவாதம் சொல்ல மாட்டேன் என்று டொக்டர் அம்மாவிடம் சொல்லிவிட்டார்.

அம்மா மாதாவுக்கு நேர்ந்துகொண்டாள். மாதா படம் ஒன்றைக் கையால் தைத்துக் கோயிலில் மாட்டுவதாக. மற்றவர்கள் காரியம் முடிந்த பிறகு நேர்த்தியைச் செலுத்துவார்கள். அம்மாவுக்கு அது பிடிக்காது. "கேட்டு வாங்கிட்டு அப்புறம் குடுக்கிறதா? குடுத்துட்டுக் கேட்டாத்தான் கேக்குறதுக்கு நமக்கு வாயிருக்கும்." அதனால் அப்பா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன் படம் கோயிலில் இருந்தாக வேண்டும். அப்பாவோ ஆர்வத்தில் பலாப் பலகையில் சட்டத்தை அடித்து வைத்துவிட்டார். முழங்கை நீளம்! அளவைக் குறைக்க வழியில்லை. கன்வஸ் எடுப்பது என் பொறுப்பு.

ஊருக்கெல்லாம் புத்தி சொன்னவள் அன்றைக்கு இரண்டு சுருளையும் மேசையில் விரித்துவைத்து மாறி மாறித் தடவிக்கொண்டு நின்றேன். பத்தை எடுத்தால் நாளுக்கு முன்னால் முடித்துவிடலாம். ஆனால் மாதாவின் கண் ஒரே தையலில், ஒரு கட்டமாக நின்றுவிடும். உதடு இன்னொரு கட்டம். அப்படி ஒரு முகத்தைக் கொண்டுபோய் மாட்டி, அப்பாவைக் காப்பாற்று என்று எந்த மூஞ்சியோடு கேட்பது? பதினெட்டை எடுத்தால் முகம் முகமாக வரும். நேரத்துக்கு முடியாமல் போனால்? இதில் பிழை விட்டால் அப்பா போய்விடுவார் என்றே எனக்குத் தோன்றியது. சிரிக்காதீர்கள், அந்த வயதில் அந்தப் பயம் எலும்புக்குள் இருந்தது.

"என்னத்துக்கு புள்ள இப்பிடித் தடவிக்கிட்டே நிக்கிற?" என்றார் லாத்தா. "முகத்துக்குச் சின்னதுதான் அழகு. கெதியா முடியணும்னா பெருசு. ரெண்டையும் ஒண்ணா கேட்டா நான் எங்க போறது?"

பதினெட்டை எடுத்தேன்.

வாரம் முழுக்க, கொழுந்து எடுத்து வந்த விரலோடு அம்மா தைத்தாள். எங்கள் கடைக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு. அன்றைக்கு நான் வீட்டுக்குப் போய்த் தைக்க உட்காருவேன். எவ்வளவு தைத்தாலும் தீப்பெட்டி அகலம்கூட வளராது. முகம் மட்டும் உயிரோடு பார்ப்பதுபோல வந்துகொண்டிருந்தது. பார்க்கவே பயமாக இருக்கும்.

அப்போதுதான் கடைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. வேறொரு நோயாளிக்குக் காய்ச்சலாம். அவருடைய இடத்தில் அப்பாவை முன்கூட்டியே எடுக்கிறார்களாம், திங்கட்கிழமை வந்து படுக்க வேண்டுமாம். படத்தில் முகமும் முக்காட்டில் கொஞ்சமும்தான் முடிந்திருந்தன. கையில்லை, பாதமில்லை, மடியில் பாலன் இல்லை. லாத்தாவிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறி, கண்டியில் இறங்கி மாறி, வத்தேகமை தாண்டும் வரைக்கும் அழுதுகொண்டே போனேன்.

அம்மா அழவில்லை. துணியை ஒரு தரம் தூக்கிப் பார்த்தாள். "வெட்டிரு. மாதான்னா முகந்தானே. படம்னுதான் நேர்ந்தேன், எவ்வளவு பெருசுன்னு நான் சொல்லல."

"பாதியக் குடுத்தா பாதிதானேம்மா கெடைக்கும்?"

பளார் என்று ஒன்று விழுந்தது. "வாயக் கழுவுடி!" என்றாள். கத்தரிக்கோலை எடுத்து என் மடியில் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அப்பா வாசலில் உட்கார்ந்து, தான் அடித்த சட்டத்தைத் தானே மரம் அறுக்கிற வாளால் அறுத்துச் சின்னதாக்கினார். அம்மாவும் நானும் இரண்டு பக்கமும் உட்கார்ந்து, முக்காட்டின் ஓரத்தைத் தைத்து முடித்துக்கொண்டிருந்தோம். பதினெட்டில் ஒரு ஓட்டை தவறினாலும் வரிசை முழுக்கக் கோணும். அதற்கு நடுவில் அப்பா வாய் ஓயாமல் பேசினார். கரகரத்த குரலில் ஏதேதோ கதை, பழைய பாட்டு, யார் யாருடைய பெயரோ. என்னைக்கூடச் சும்மா சும்மா பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

"கொஞ்சம் சும்மா இருங்களேன், எண்ணுறது தப்புது" என்றாள் அம்மா.

"சரி சரி" என்றார்.

காலையில் கோயிலில் மாட்டிவிட்டு அப்படியே பஸ் ஏறினோம். ஒப்பரேசன் அன்று வார்டு வாசலில் அம்மா செபமாலையைக் கையில் வைத்திருந்தாள், உருட்டவில்லை. நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னேரம் யாழ்ப்பாணத்து நர்ஸ் ஒருவர் வெளியே வந்தார். அவர் வாயைத் திறக்கும் முன்பே நான் அவர் முன்னால் போய் நின்றுவிட்டேன்.

"பயப்பிடாதேங்கோ. ஐயா தப்பிட்டார்" என்றார். அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். "கதைக்கிறது மட்டும் இனி ஏலாது. அது ஐயாவுக்குத் தெரியும். டொக்டர் கிளினிக்கிலயே அவருக்குச் சொன்னவர், நீங்கள் பயந்திடுவியள் எண்டு ஐயாதான் சொல்ல வேண்டாம் எண்டவர்."

அதன் பிறகு அப்பா பல வருசம் இருந்தார். கை தட்டிக் கூப்பிடுவார், நாங்கள் ஓடுவோம். பாதியைக் கொடுத்ததற்குப் பாதிதான் கிடைத்ததோ என்ற பயம் எனக்குள் கிடந்தது. ஒருநாள் அம்மாவிடம் கேட்டே விட்டேன். "மாதா என்ன கடைக்காரியா, அளந்து குடுக்க?" என்று சீறினாள். நன்றாகத்தான் சொன்னாள். பயம்தான் போகவில்லை.

அக்குறணைக் கடை இப்போது போன் விற்கிற கடை. தோட்டத்துக் கோயிலை இடித்துப் புதிதாகக் கட்டியபோது படமும் எங்கோ போய்விட்டது. அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. அதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அந்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், இனிமேல் பேச முடியாது என்று தெரிந்துகொண்டே, வாழ்நாளுக்கும் சேர்த்து அப்பா பேசினாரே, அதில் ஒரு வார்த்தைகூட எனக்கு ஞாபகமில்லை. நான் ஓட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.