பன்னிரண்டாவது சேர்வர்

உள்ளதைச் சொல்லுறன், றொசாந்தியிலை எனக்குப் பொறாமைதான். உவளும் எங்கடை குருநகர்ப் பெட்டை, கடலுக்குப் போற நீக்கிலாப்பிள்ளையின்ரை மகள். எங்கடை சொவ்ற்வெயர் கொம்பனிக்கு வந்து ரெண்டு வருசம். நான் எட்டு வருசம். எண்டாலும் லண்டன் கஸ்ரமர் மீற்றிங்குக்கு வந்தால் முதல் கேக்கிறது, றொசாந்தி இருக்கிறாவோ எண்டுதான். நேற்றுப் பெய்த மழைக்கு இண்டைக்கு முளைச்ச காளான்!

எனக்கெண்டும் ஒரு மதிப்பு இருந்தது. எங்கடை புரோகிராமுகள் பன்னிரண்டு சேர்வரிலை, கண்டெய்னர் எண்டு தனித்தனிப் பெட்டியள் மாதிரி ஓடுது. எது விழுந்து ஓடாமல் நிண்டாலும் ஜெரிசனைக் கூப்பிடு எண்டுவினம். ஞாயிறு பூசைக்கு நடுவிலையும் எழும்பி ஓடியிருக்கிறன். அந்த மதிப்புக்குத்தான் உலை வைச்சாள். ஒவ்வொரு சேர்வரிலையும் ஏஜென்ற் எண்டு ஒரு சின்னக் காவல் புரோகிராம் போட்டால், ஏதும் விழ முதலே அது சொல்லிப்போடுமாம். மனேஜர் கிறிஸ்ரோபர் அண்ணையும் வெள்ளிக்கிழமைக்குள்ளை முடி எண்டிட்டார். பிறகு என்னை ஆர் தேடப்போகினம்?

செவ்வாய்க்கிழமை போட்டாள். பதினொரு சேர்வர் திரையிலை பச்சையாத் தெரிஞ்சுது. பன்னிரண்டாவதைக் காணேல்லை. காரணம் எனக்குத் தெரியும். அதிலை ஓடுறது நான் எழுதின புரோகிராம். வேறை ஒண்டும் உள்ளுக்கை வராமல் நான்தான் முந்தித் தடை போட்டு வைச்சனான். ஏஜென்ற்றுக்கு அனுமதி எண்டு ஒரு வரி எழுதினால் காணும். நான் வாயே திறக்கேல்லை. அவள் ரெண்டு நாளாத் தலையைப் பிச்சுக்கொண்டு இருக்க, நான் பிளேன்ரீ குடிச்சுக்கொண்டு பாத்தன். சும்மா சொல்லக்கூடாது, நல்ல சந்தோசம்.

வியாழன் பின்னேரம் எல்லாரும் வெளிக்கிட்ட பிறகு, கதிரையை இழுத்துப்போட்டு எனக்குப் பக்கத்திலை இருந்தாள். நான் போட்ட தடையைச் செவ்வாய்க்கிழமையே கண்டுபிடிச்சு எடுத்திட்டாளாம். ஏஜென்ற் உள்ளுக்கை போன உடனை சிவப்பு எரிஞ்சுதாம். என்ரை புரோகிராம் எடுத்த மெமரியைத் திருப்பிக் குடுக்காமல் விழுங்கிக்கொண்டே இருந்திருக்கு. அதை நம்பி ஓடின மற்றதுகள் விழுந்ததும் பாதி அதாலைதானாம். திருத்தி முடியுமட்டும் ஒருதருக்கும் தெரியாமல் அதைத் திரையிலை காட்டாமல் வைச்சிருந்தவளாம். நான் பாத்துச் சந்தோசப்பட்ட நேரமெல்லாம் அவள் என்ரை பிழையைத்தான் திருத்திக்கொண்டு இருந்திருக்கிறாள்.

"இனி அது விழாது, அண்ணை. கிறிஸ்ரோபர் அண்ணைக்கு நான் ஒண்டும் சொல்லேல்லை," எண்டாள்.

ஓம் எண்டு தலையாட்டிப்போட்டு பையை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டன். கெட்டிக்காரி எண்டதையாவது பொறுத்திருப்பன். நல்லவளாயும் இருக்கிறாளே, அதைத்தான் என்னாலை தாங்கேலாமல் கிடக்கு.