அட்டையில் விடுபட்ட மைமூன்

போன மாதம் சென்னையிலிருந்து ஒரு போன். பெயர் நந்தினி என்றார். பழைய பாட்டுகளைத் தேடிப் பிடித்து இசைத்தட்டாகப் போடும் சின்ன கம்பெனி ஒன்றை நடத்துகிறாராம்.

"சார், சண்முகத்தாய் அம்மாவோட 'வெள்ளிக் கை' கேசட்டை வினைல்ல கொண்டு வர்றோம். எக்ஸ்பாண்டட் எடிஷன். ரெண்டு தட்டு."

எக்ஸ்பாண்டட் என்றால்? கேசட்டில் வந்த எட்டுப் பாட்டு ஒரு தட்டில். அன்றைக்குப் பாடி, இடமில்லாமல் ஒதுக்கிய ஐந்து பாட்டு இன்னொரு தட்டில். கூடவே எல்லாப் பாட்டு வரிகளோடும் ஒரு சின்னப் புத்தகம். அதற்கு முன்னுரை எழுத நான்.

சண்முகத்தாயை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. சிவகாசிக்குப் பக்கத்தில் நாரணாபுரம். பட்டாசு கம்பெனி வேலை. தானே பாட்டுக் கட்டி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடுவார். ஸ்டாப்பில் நிற்காமல் போகிற பஸ்ஸைப் பற்றி ஒரு பாட்டு. சாயங்காலமானால் மட்டும் மெதுவாக ஓடுகிற போர்மேன் கைக்கடிகாரத்தைப் பற்றி ஒன்று. பல்வலியைப் பற்றி ஒன்று. முப்பது வருஷத்துக்கு முன் மதுரை ஸ்டுடியோவில் ஒரே பகலில் பாடி முடித்தார். கேசட் நம் பக்கத்தில் சில மாதம் ஓடியது. அப்புறம் காணாமல் போனது. இப்போது யாரோ இணையத்தில் ஏற்றிவிட, முகம் தெரியாத ஊர்களில் எல்லாம் கேட்கிறார்களாம்.

குறிப்பாக ஒரு வரி. அலுமினியப் பவுடர் ஒட்டிய கையைப் பற்றியது. 'எத்தன தண்ணி ஊத்தினாலும் போகல இந்த வெள்ளி.' அந்த 'வெள்ளி' என்ற சொல்லுக்காகவே நானும் இந்தப் பத்தியில் ஒரு முறை சண்முகத்தாயைப் புகழ்ந்திருக்கிறேன். வேலையால் வந்த கறையை நகை என்று சொல்ல எவ்வளவு பெரிய மனசு வேண்டும்... என்கிற மாதிரி.

எனக்கும் கேசட்டுக்கும் சம்பந்தம் உண்டு. டப்பாவுக்குள் மடித்து வைக்கும் அட்டை சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் அச்சானது. அங்கே புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான்.

"பாட்டு எழுதின நோட்டு இருந்தா புத்தகத்துல அப்படியே போட்டோ எடுத்துப் போட்டுடலாம் சார்" என்றார் நந்தினி. நாரணாபுரம் போய்ச் சண்முகத்தாயிடம் கேட்டேன்.

"நோட்டு எங்கிட்ட ஏது சார்? எனக்கு எழுதவா தெரியும்? நான் சொல்லச் சொல்ல மைமூன்தான எழுதுவா."

மைமூன், சிவகாசியில் எங்கள் பிரஸ்ஸுக்கு எதிரே வளையல் கடை வைத்திருந்தவரின் மகள். பத்தாவது வரை படித்தவர். லீவு நாளில் சண்முகத்தாய் அந்தக் கடையில் போய் உட்கார்ந்து பாடுவார். மைமூன் நோட்டில் எழுதுவார். கல்யாணமாகி சாத்தூருக்குப் போய்விட்டார். அங்கே அவர் வீட்டுக்காரருக்குப் பாத்திரக்கடை.

"அப்ப மைமூன்கிட்ட கேப்பமே அக்கா."

"நீங்க வேணா கேளுங்க. அவ எங்கூடப் பேசி முப்பது வருஷமாச்சு."

"எதுக்கு?"

"தெரிஞ்சாத்தான சொல்றதுக்கு. கேசட்டு வந்துச்சு. அந்த வாரமே பேச்ச நிறுத்திட்டா. நான் ரெண்டு தடவ வீட்டு வாசல்ல போய் நின்னேன். தலவலின்னு சொல்லிவிட்டாக. அப்புறம் நானும் விட்டுட்டேன்."

வீட்டுக்கு வந்து அந்தப் பழைய அட்டையைத் தேடி எடுத்தேன். 'பாடல், இசை, குரல்: சண்முகத்தாய்.' அவ்வளவுதான். மைமூன் பெயர் இல்லை.

எப்படி இல்லாமல் போனது? தெரியாது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் நன்றாகவே தெரியும். 'கூட இருந்து எழுதியவர்: மைமூன்' என்று ஒரு வரி இருந்தது. சண்முகத்தாயே பிரஸ்ஸுக்கு வந்து சொல்லி எழுத வைத்தது. அட்டையை மடிக்கிற இடத்தில் அந்த வரி இடித்தது. அச்சுக்குப் பிளேட் போடுகிறவர் அவசரப்படுத்தினார். தீபாவளி சீசன், அடுத்த ஆர்டர் காத்திருந்தது. நான் பேனாவால் ஒரு கோடு போட்டேன். மூன்று விநாடி வேலை.

அடுத்த வாரம் சாத்தூர் போனேன். பாத்திரக்கடைக்கு மேலே வீடு. மைமூன் இப்போது கண்ணாடி போட்டிருக்கிறார். மற்றபடி அதே நேரான பார்வை. வந்த விஷயத்தைச் சொன்னேன்.

"நோட்டு இருக்கு. தர முடியாது" என்றார். "எம்பேர எடுக்கச் சொன்னவளுக்கு எதுக்கு என் எழுத்து?"

"அவங்க எடுக்கச் சொல்லல. எடுத்தது நான்."

மடிப்பு இடித்தது, சீசன், பிளேட் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல என் காதுக்கே அது ரொம்பச் சின்னக் காரணமாகக் கேட்டது.

"அவளுக்கு யாரும் வாசிச்சுச் சொல்லலையா?"

"இல்ல. நானும் சொல்லல. பேர் இருக்குன்னே நெனச்சிருக்காங்க. இன்னைக்கு வரைக்கும்."

மைமூன் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார்.

"முப்பது வருஷம் அவகூடப் பேசாம இருந்துட்டேன். உங்ககூடல்ல பேசாம இருந்திருக்கணும்."

நியாயம்தானே? தலையாட்டினேன். உள்ளே போய் நோட்டை எடுத்துவந்தார். பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்தார். கோபத்தோடு இருந்தவர் எதற்கு இவ்வளவு பத்திரமாக வைத்திருந்தார்? கேட்கவில்லை. கேட்கும் தகுதி அன்றைக்கு எனக்கு இல்லை.

பிரித்துப் பார்த்தேன். 'வெள்ளிக் கை' பாட்டு இருந்த பக்கத்தில் 'போகல இந்தக் கறுப்பு' என்று எழுதி, 'கறுப்பு' அடிக்கப்பட்டிருந்தது. மேலே 'வெள்ளி.'

"இது..."

"நான் போட்டது. கறுப்புன்னா எல்லாரும் பாடிருவாக, வேற சொல்லுவோம்னேன். அவ ஒரு நாள் முழுக்க முனகிட்டு, அப்புறம் சரின்னா."

நான் பத்தி எழுதிப் புகழ்ந்தேனே, அந்தப் பெரிய மனசு... அது சாத்தூரில் இருந்திருக்கிறது.

மறுநாள் நாரணாபுரம். சண்முகத்தாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு உங்களுக்குத் தெரியும்ல சார்?"

"தெரியும்க்கா."

"அந்த அட்டைய அவகிட்ட நான்தான் கொண்டுபோய்க் குடுத்தேன். பாரு, உன் பேரு எம்புட்டு அழகா இருக்குன்னு சொல்லிக் குடுத்தேன். கேலி பண்றேன்னுல்ல நெனச்சிருப்பா."

எழுந்து வந்தேன். அன்றிரவு முன்னுரையை முதலிலிருந்து எழுதினேன். யார் எதை எழுதினார்கள், யார் எதை அடித்தார்கள்... என் பேனா போட்ட கோடு உட்பட. நந்தினிக்கு அனுப்பினேன். படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இதை அப்படியே போடலாமா சார்?" போடுங்கள் என்றேன்.

போன வியாழக்கிழமை தட்டின் உறை, புத்தகம் இரண்டுக்கும் சிவகாசியில் புரூஃப் எடுத்தார்கள். நந்தினியும் வந்திருந்தார். மைமூன் தானே பார்த்துத் திருத்த வேண்டும் என்று சொல்லியிருந்ததால் பஸ் ஏறி வந்துவிட்டார். சண்முகத்தாயை நான் அழைத்துப் போயிருந்தேன். ஒருவர் வருவது இன்னொருவருக்குத் தெரியும். வேண்டாம் என்று இருவருமே சொல்லவில்லை.

"வாங்க. நல்லா இருக்கீகளா?" என்றார் சண்முகத்தாய்.

"இருக்கேன். நீங்க?"

நீங்க. வளையல் கடையில் 'ஏட்டி', 'நீ' தவிர வேறொன்றும் கேட்டிராதவன் நான். அந்த மரியாதையைக் கேட்கச் சங்கடமாக இருந்தது.

உறையில் இரண்டு பெயரும் ஒரே அளவு எழுத்தில் அருகருகே இருந்தன. மைமூன் தன் பெயரை வெறுமனே பார்த்தார். பிறகு சண்முகத்தாயின் விரலைப் பிடித்து அந்த எழுத்துகள் மேல் வைத்தார். "இதுதான் எம்பேரு" என்றார். விரல் சற்று நேரம் அங்கேயே இருந்தது.

அப்புறம் புத்தகம். மைமூன் பாட்டு வரிகளைச் சத்தமாக வாசித்தார். பத்து நிமிஷம் எல்லாம் ஒழுங்காகப் போனது. ஒதுக்கி வைத்த ஐந்து பாட்டில் இரண்டாவது வந்தது.

"நில்லுங்க. நான் 'கெடக்கு'ன்னுல்ல பாடுனேன். 'இருக்கு'ன்னு வாசிக்கிறீக?"

"நோட்டுல 'இருக்கு'ன்னுதான் இருக்கு."

"நீங்க மாத்தி எழுதிருப்பீக."

"நான் எதுக்கு மாத்துறேன்? நீங்கதான் ஸ்டுடியோல மறந்து பாடிருப்பீக."

"நானா மறந்தேன்? ஏட்டி மைமூனு, எம்பாட்ட நானே மறப்பனா?"

"பின்ன? பல்லுவலிப் பாட்டுல ஒரு வரிய முழுசா முழுங்குனவதான நீ?"

குரல் ஏறியது. மெஷின் பக்கம் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சண்முகத்தாய் 'கெடக்கு' என்று ஒரு முறை பாடிக் காட்டினார். மைமூன் 'இருக்கு' போட்டுப் பாடிக் காட்டினார். ஒருவர் கையை ஒருவர் தட்டிவிட்டார்கள். நோட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுபட்டது.

நந்தினி பயந்துபோய் என்னிடம் வந்தார்.

"சார், ஏதாவது பிரச்சினையா?"

"இல்லம்மா. பேசிக்கிறாங்க."