பத்து மணிக்கு ஒருத்தி, இரண்டு மணிக்கு ஒருத்தி

காலை பத்து மணிக்கு வந்தவளும் பிற்பகல் இரண்டு மணிக்கு வந்தவளும் ஒருத்திதான் என்பது என் மேலாளருக்குத் தெரியுமா, தெரியாதா? அவரிடம் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதமாகியும் எனக்கு விளங்கவில்லை.

அப்போது குழந்தைக்கு எட்டு மாதம். கணவரின் கம்பெனியில் ஆள் குறைத்ததில் அவர் வீட்டில் இருந்தார். எனக்காவது வேலை கிடைத்தாக வேண்டும். சூலியா தெருவில் ஒரு மாடியில் இருந்த வேலைவாய்ப்பு ஏஜெண்டிடம் பெயரைப் பதிந்தேன். ஒருவரை மட்டும் நம்பலாமா என்று பயம் வந்தது. பட்டர்வொர்த்தில் ஒரு ஏஜெண்ட் அம்மாவிடமும் பதிந்துவைத்தேன்.

ஏஜெண்டுகள் கம்பெனி பெயரைக் கடைசிவரை சொல்வதில்லை. சொன்னால் நாமே நேராகப் போய்விடுவோமாம். நேர்முகத்துக்கு முதல் நாள்தான் கடிதம் கைக்கு வரும். இரண்டு கடிதங்களையும் வீட்டில் பிரித்தேன். இரண்டிலும் புக்கிட் தெங்காவில் உள்ள அதே தொழிற்சாலை, அதே குமாஸ்தா வேலை, அதே நாள்; மணி மட்டும் வேறு. சூலியா தெருக்காரர் என் பெயரோடு அப்பா பெயரைத் தட்டச்சு செய்திருந்தார். பட்டர்வொர்த் அம்மா கணவர் பெயரை.

"ஒண்ணுக்கு மட்டும் போ லா," என்றார் கணவர்.

"இன்னொருத்தவங்க கோவிச்சுக்க மாட்டாங்களா?"

"அப்ப ரெண்டுக்கும் போயேன்!"

அவர் கேலியாகச் சொன்னதை நான் யோசனையாக எடுத்துக்கொண்டேன்.

காலையில் அப்பா பெயரோடு போனேன். மேலாளர், ஒரு சீனர், குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் குழந்தையின் சளியில் ஆரம்பித்து, பல் முளைப்பதுவரை போனேன். அவர் பேனாவை மூடிவிட்டார்.

மதியம் வெளியே ஒரு சாப்பாட்டுக் கடையின் கழிவறையில் பின்னலை அவிழ்த்துக் கொண்டை போட்டேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினேன். சட்டையோ பாவாடையோ மாறவில்லை.

"என்னக்கா, கொடைய மறந்துட்டீங்களா?" என்றார் வாசல் காவலர்.

"ஆமா," என்றேன். கையில் குடை இருந்தது.

மேலாளர் அதே கேள்வியைக் கேட்டார். "என் கணவர்," என்று இரண்டே வார்த்தையில் முடித்தேன். எங்கே நிறுத்த வேண்டும் என்று காலையில் கற்றிருந்தேனே! அவர் எழுதிக்கொண்டார். பிறகு தலையைத் தூக்காமல், "காலையில் வந்த பெண்ணைவிட நீங்கள் தேவலை," என்றார். சிரித்தாரா என்று கண்ணாடி இல்லாமல் தெரியவில்லை.

வேலை கிடைத்தது, பட்டர்வொர்த் அம்மா மூலமாக. மறுநாள் சூலியா தெரு ஏஜெண்ட் பக்கத்து வீட்டுத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"தங்கச்சி, மனச விட்டுறாதீங்க. வேற ஒரு பொம்பளைய எடுத்துட்டாங்களாம். ஒங்கள விட கெட்டிக்காரியாம். நான் இருக்கேன்ல, பாத்துக்குறேன்!"

இவ்வளவு இரக்கப்படுகிறவரிடம் எப்படிச் சொல்வது? நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

நேற்று மறுபடி கூப்பிட்டார். ஒரு வேலை கண்டுபிடித்துவிட்டாராம். இந்த முறை கம்பெனி பெயரை மகிழ்ச்சியோடு முன்னாலேயே சொன்னார்: அதே தொழிற்சாலை, பக்கத்துப் பிரிவு. "அந்தப் பிரிவு மேனேஜர்கிட்ட ஒங்களப் பத்தி நல்லா சொல்லியிருக்கேன்." அடுத்த மாதம் நேர்முகம். கணவருக்கு இன்னும் வேலை இல்லை. இரண்டு பெயரில் போனது தெரிந்து இந்த வேலை போனால் எங்களுக்கு வேறு வழியும் இல்லை.

வாசகர்களே, உண்மையை முதலில் ஏஜெண்டிடம் சொல்வதா, மேலாளரிடம் சொல்வதா? இல்லை, கொண்டையை அவிழ்த்துப் பின்னல் போட்டுக்கொண்டு பக்கத்து அறைக்குப் போவதா? தயவுசெய்து எழுதுங்கள்.