சங்கு ஊதியும் நிற்காத ரஃபி

போன ஞாயிற்றுக்கிழமை டவுன்ஷிப் மைதானத்தில், நூறு பேர் பார்க்க என் மானம் போனது. போனால் போகட்டும்... அவ்வளவு சந்தோஷம்!

அறிவுசார் குறைபாடு உள்ளவர்களும் மற்றவர்களும் ஒரே அணியில் ஆடும் கால்பந்து எங்கள் ஊரில் நடக்கிறது. அணிக்கு ஏழு பேர். நான்கு பேர் சிறப்பு ஆட்டக்காரர்கள். மீதி மூன்று பேர் என்னைப் போல மைன்ஸில் ஷிப்ட் பார்க்கிற, தொப்பை விழுந்த துணை ஆட்டக்காரர்கள். பந்து வந்தால் நாங்கள் அவர்களுக்குக் கொடுக்க வேண்டும். கொடுக்கிறோமா? பந்து காலில் பட்டதும் எங்களுக்கு வயது இருபதாகிவிடுகிறதே!

எங்கள் அணியில் ரஃபி என்று ஒருவன். இருபத்திரண்டு வயது. பக்கத்துக் கிராமமான வடக்குத்திலிருந்து அம்மா நூர்ஜஹான் அழைத்து வருவார். மூன்று மேட்சாக அவன் காலில் பந்தே படவில்லை. அன்று அவர் நேராக என்னிடமே வந்தார்.

“புள்ள சும்மா நின்னுகினே இருக்கான்ங்க. வூட்டுக்கு வந்தா ஷூவக்கூட கழட்டாம உக்காந்துகினு இருக்கான். இன்னிக்கும் இப்படின்னா இனிமே கூட்டிகினு வரமாட்டேங்க.”

சுருக்கென்றது. “இன்னிக்குக் கண்டிப்பா குடுக்கறோம்ங்க” என்றேன்.

காலை பத்து மணி மேட்ச். சிறப்பு விருந்தினர் வந்து, பொன்னாடை போர்த்தி, பேசி முடிக்க மணி ஒன்று. கொளுத்தும் வெயிலில் ஆடினோம். ஒன்றுக்கு ஒன்று. கடைசி நிமிடங்கள். ரஃபிக்கு நான் பந்து கொடுத்தேனா? இல்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது.

அப்போது மைன்ஸில் ஷிப்ட் முடியும் இரண்டு மணிச் சங்கு ஊதியது.

காலில் பந்தோடு அப்படியே நின்றுவிட்டேன்! இருபது வருஷமாக அந்தச் சத்தம் கேட்டால் வேலையைப் போட்டுவிட்டுக் கிளம்பிய உடம்பு. நான் மட்டுமா? இரண்டு அணியின் துணை ஆட்டக்காரர்களும், ஆறு பேரும் நின்றோம். எங்களில் ஒருவரான எதிரணி கோல்கீப்பர் கிளவுஸையே கழற்ற ஆரம்பித்துவிட்டார்.

சிறப்பு ஆட்டக்காரர்களில் ஒருவர்கூட நிற்கவில்லை. விசில் அடிக்காமல் எதற்கு நிற்க வேண்டும்? என் காலடியில் கிடந்த பந்தை ரஃபி தட்டிக்கொண்டு ஓடினான். எதிரணிச் சிறப்பு ஆட்டக்காரன் ஜோசப் விடாமல் துரத்தித் தோளால் இடித்தான். ரஃபி தடுமாறினான்... விழவில்லை. ஒரே உதை — கோல்!

“சார், சங்கு ஊதிடுச்சே!” என்று கத்தினார் கோல்கீப்பர்.

“அது உங்க ஷிப்டுக்கு. மேட்சுக்கு நான்தான் ஊதணும்” என்றார் நடுவர்.

மைதானமே எழுந்து நின்றது. ரஃபி சட்டையைக் கழற்றிச் சுழற்றினான். துரத்திய ஜோசப்தான் முதலில் கட்டிப்பிடித்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கவனம் போதாது என்று நாம் யாரைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்?

நூர்ஜஹான் முந்தானையால் மகனின் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“அடுத்த மேட்சு எப்பங்க?”

“வர்ற ஞாயித்துக்கிழமைங்க.”

ரஃபி என் தோளைத் தட்டினான்.

“அண்ணே, நீங்களும் வாங்க... ஆனா நிக்கக் கூடாது!”